பழைய பைக்குக்குக் கடன்: கையெழுத்துக்கு முன் நாங்கள் போட்ட கணக்கு

செகண்ட்ஸ் பைக் வாங்கக் கடன் எடுக்கலாமா என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். "கடன் வாங்கியா பழசை வாங்குவாங்க?" என்பார் ஒருவர். "மாச டியூ ரெண்டாயிரம்தானே, யோசிக்காம எடு" என்பார் அடுத்தவர். இரண்டு பதிலிலும் கணக்கு கிடையாது. 2025-ல் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் என் மனைவியும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துதான் முடிவெடுத்தோம். அதை முழுசாக எழுதுகிறேன். எங்கள் மாதிரி மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீடுகளுக்கு உதவும்.

எங்கள் வீடு கிருஷ்ணாபுரத்தில், பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில். வேலை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். போக வர பஸ். அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் லேபில் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் வேலை தனி. வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், பிரசவமாகி வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் காலையில் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். ஆறு மணிக்குப் பெருமாள்புரத்தில் ஒரு வீடு, ஆறரைக்கு மகாராஜ நகரில் ஒன்று, ஏழுக்குக் கே.டி.சி. நகரில் ஒன்று என்று போக வேண்டும். ஒரு வீட்டுக்கு எழுபது ரூபாய் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும். பஸ்ஸை நம்பி அந்த வேலையைச் செய்ய முடியாது. எனக்கு வண்டி தேவைப்பட்டது அதற்காக மட்டும்தான். காரணத்தை இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்ததால்தான் பிறகு போட்ட கணக்கெல்லாம் சுலபமாக இருந்தது. "எல்லாத்துக்கும் உதவும்" என்று தொடங்கியிருந்தால் எந்த வரவையும் எந்தச் செலவுக்கும் நேராக எழுதியிருக்க முடியாது.

"தினமும் ஆறு வீடு வரும்" என்றார் லேப் பொறுப்பாளர். நல்ல மனிதர், ஏமாற்றுகிற எண்ணம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் அடுத்தவர் வாயிலிருந்து வந்த வரவை வைத்துக்கொண்டு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட எனக்குத் துணிவில்லை. அந்தச் சமயம் என் மச்சான் வேலை விஷயமாகக் கோயம்புத்தூர் போயிருந்தான். அவன் வண்டி வீட்டில் சும்மா நின்றது. கேட்டு வாங்கி, பெட்ரோல் என் செலவில் போட்டுச் சில வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஆறு வீடெல்லாம் என்றைக்கோ ஒரு நாள்தான். சாதாரண நாளில் மூன்று, சில நாள் நான்கு. பண்டிகை நேரத்தில் ஒன்றுகூட வராது. தீபாவளி வாரத்தில் எவரும் சர்க்கரை பார்க்க மாட்டார்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் பரவினால் எண்ணிக்கை ஏறும். எல்லாவற்றையும் சராசரியாக்கி, மாதம் ஐயாயிரம் என்று எழுதிக்கொண்டோம்.

செலவுப் பக்கத்தை எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். "பஸ் காசு மிச்சம்" என்ற வாதம் எங்கள் கணக்கில் நிற்கவே இல்லை. பஸ்ஸுக்கு எனக்கு மாதம் ஆயிரத்து நூறு ரூபாய் போய்க்கொண்டிருந்தது. மனைவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம். ஆக வண்டி வந்தால் மிச்சமாவது அந்த ஆயிரத்து நூறு மட்டும். வேலைக்குப் போய் வருவதும் வீடு வீடாகச் சுற்றுவதும் சேர்த்தால் மாதம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வரும். லிட்டருக்கு ஐம்பத்தைந்து கிடைத்தாலும் இருபத்திரண்டு லிட்டர். நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல் விலையில் அதுவே இரண்டாயிரத்து இருநூறு. ஆயில் மாற்ற, செயின் செட், டயர், பேட்டரி, பிரேக் ஷூ இவையெல்லாம் ஒன்றாக வருவதில்லை, ஆனால் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். அதற்கு மாதம் எழுநூறு. இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழுக்கு நூறு. மொத்தம் மூவாயிரம்.

ஐயாயிரம் வரவு, பஸ் மிச்சம் ஆயிரத்து நூறு, செலவு மூவாயிரம். வண்டியால் எங்களுக்கு உண்மையில் கிடைப்பது மாதம் மூவாயிரத்து நூறு. கடனைப் பற்றிய எங்கள் முடிவு முழுக்க இந்த ஓர் எண்ணின் மேல் நின்றது. டியூ இதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தோம். டியூவைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், கட்ட முடியுமா என்று மட்டும் பார்க்கிறார்கள். வண்டியே தன் டியூவைக் கட்டுமா என்று பார்க்க வேண்டும். அது கட்டாவிட்டால் பால், பள்ளி, மருந்து என்று எதிலிருந்தோதான் அந்தப் பணம் போகும்.

அடுத்தது பாளையங்கோட்டையில் ஒரு கன்சல்டிங், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடை. ஐம்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு வண்டி காட்டினார்கள். "பன்னிரண்டாயிரம் கட்டுங்க, மீதி நாப்பதுக்கு லோன் போட்டுரலாம். ஒரு ரூபா வட்டிதான் சார். இருபத்தி நாலு டியூ." ஒரு ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒன்று, வருடத்துக்குப் பன்னிரண்டு சதவீதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதிப் பார்த்தோம். நாற்பதாயிரத்துக்கு இரண்டு வருட வட்டி 9,600. மொத்தம் 49,600. இருபத்து நாலால் வகுத்தால் டியூ 2,067.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வட்டி கடைசி மாதம் வரை முழு நாற்பதாயிரத்துக்கும் போடப்படுகிறது என்பது. கடைசி டியூ கட்டும்போது நம் கையில் இருக்கும் அவர்கள் பணம் இரண்டாயிரம்தான். வட்டி மட்டும் நாற்பதாயிரத்துக்கு. இதைத்தான் ஃபிளாட் வட்டி என்கிறார்கள். குறையும் நிலுவைக்கு வட்டி போடும் வங்கிக் கணக்கில் அதே பன்னிரண்டு சதவீதத்துக்கு டியூ 1,883 ரூபாய். இரண்டு வருட வட்டி 5,190-தான். ஃபிளாட்டில் சொன்ன பன்னிரண்டு, உண்மையில் இருபத்தொன்றரை சதவீதத்துக்கு மேல். அதோடு "ஃபைல் சார்ஜ்" என்று 2,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொள்வார்களாம். அதையும் சேர்த்தால் இருபத்தெட்டு சதவீதத்தை ஒட்டிப் போகிறது.

இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டியதுகூட இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதுக் கடன்களில் வங்கியும் நிதி நிறுவனமும் கையெழுத்துக்கு முன்பே 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்' என்ற தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் 'ஏ.பி.ஆர்.' என்ற பெயரில் இருக்கும். நான் கேட்டேன். ஃபைனான்ஸ் பையன் கொஞ்சம் தயங்கினாலும் மறுநாள் கொண்டுவந்தான். அதிலும் இருபத்தெட்டுதான் இருந்தது. அவனுடைய வாய்க்கணக்கில் வராத இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது: முன்கூட்டியே கடனை முடித்தால் நிலுவையில் ஒரு பங்கு அபராதம். தீபாவளி போனஸில் கடனை அடைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரியைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

2,067 எங்கள் வரம்புக்கு மிக நெருக்கத்தில் நின்றது. மனைவிதான் நிறுத்தினாள். "ஏங்க, எல்லா மாசத்தையும் ஒரே மாதிரி பாக்காதீங்க. ஜூன் மாசம் ஃபீஸ் கட்டினப்புறம் கையில என்ன இருக்கும்னு பாருங்க." அவள் சொன்ன யோசனைதான் இந்த விஷயத்தில் எங்களுக்கு மிகவும் உதவியது. கடன் எடுக்காமலே டியூ கட்ட ஆரம்பித்தோம். சம்பளம் வந்த அன்றே இரண்டாயிரத்தை எடுத்து அவள் பெயரில் இருக்கும் அஞ்சலகக் கணக்கில் போட்டுவிடுவது, எது வந்தாலும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். பள்ளிக் கட்டண மாதம் திணறியது. கொழுந்தியாள் கல்யாணத்துக்குச் சீர் செய்த மாதம் இரண்டாயிரம் போட முடியவே இல்லை. ஆயிரத்து முந்நூறுதான் முடிந்தது. கடன் கொடுத்தவரிடம் அப்படிக் குறைத்துக் கட்ட முடியாது. ஒரு டியூ தவறினால் அபராதம், செக் திரும்பினால் வங்கிக் கட்டணம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணில் கறை. ஆக எங்களுக்குத் தேவை, நல்ல மாதம் கூடவும் கெட்ட மாதம் குறைத்தும் கட்டக்கூடிய கடன், அல்லது அவ்வளவு பெரிய கடனே இல்லாத வண்டி. இந்த ஒத்திகையில் சேர்ந்த பணமும் வீட்டில் முன்பே இருந்ததும் சேர்ந்து இருபதாயிரம் ஆகியிருந்தது.

பணம் எங்கிருந்து என்பதில் நான்கு வாசல்கள் இருந்தன. ஃபைனான்ஸ் பற்றிச் சொல்லிவிட்டேன். தெருவில் மூன்று ரூபாய் வட்டிக்குத் தருகிற ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கே வந்து தருவார், தாள் கேட்க மாட்டார். மூன்று ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு முப்பத்தாறு சதவீதம். நாற்பதாயிரத்துக்கு மாதம் ஆயிரத்து இருநூறு வட்டி மட்டும், அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் அந்த வாசல் மூடவில்லை. தண்டல், ரன் வட்டி, மீட்டர் வட்டி என்ற பெயர்கள் காதில் விழுந்தாலே விலகிப் போங்கள். வண்டி எவ்வளவு உழைத்தாலும் அந்த வட்டியைச் சம்பாதித்துத் தராது.

மூன்றாவது மனைவியின் மகளிர் சுயஉதவிக் குழு. வட்டி குறைவு, அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பும். வெளியிலிருந்து பார்த்தால் அதுதான் சிறந்த வழி. நாங்கள் அதைத் தொடவில்லை. குழுக் கடனில் ஒருவர் தவறினால் மற்றப் பெண்களின் கடனும் தடைப்படும். பூக்கட்டியும் பீடி சுற்றியும் கட்டுகிறவர்களின் தோளில் என் பைக்கை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குழுவில் கேட்டால் அவர்கள் தந்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

நான்காவது நகைக் கடன். என் கல்யாண மோதிரம் அரைப் பவுன், நாலு கிராம். பவுன் தொண்ணூறாயிரத்தை ஒட்டியும் தாண்டியும் நின்ற நேரம் அது. ஊரில் இருக்கும் பொதுத்துறை வங்கிக் கிளையில் கேட்டோம். வட்டி பத்து சதவீதத்தை ஒட்டி, அதுவும் நிலுவைக்கு மட்டும். இடையில் எப்போது எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். நாங்கள் கேட்டது இருபத்தைந்தாயிரம். "இன்னும் எட்டாயிரம் வரைக்கும் தரலாம், வேணுமா?" என்று கவுண்ட்டரில் கேட்டார்கள். வேண்டாம் என்றோம். பவுன் விலை ஏற ஏற, அதே மோதிரத்துக்கு அதிகக் கடன் கிடைக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் இரண்டரை லட்சம் வரையான நகைக் கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பையும் உயர்த்தியிருக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக வாங்கினால் வண்டியின் விலையும் அதற்கேற்ப ஏறிவிடும். நாற்பதாயிரத்து வண்டி பார்க்கப் போனவர் ஐம்பதாயிரத்து வண்டியோடு திரும்புவார்.

நகைக் கடனின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாத டியூ இல்லை என்பதே அதன் ஆபத்து. வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போகும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பைக் பழையதாகிக்கொண்டே போகும், அசல் அசையாது, ஒரு நாள் ஏல நோட்டீஸ் வரும். அதனால் நாங்களே மாதம் இரண்டாயிரம் அசல், கூட அந்த மாத வட்டி என்று வைத்துக்கொண்டோம். அப்படிக் கட்டினால் பதின்மூன்று மாதத்தில் முடியும், மொத்த வட்டி ஆயிரத்து நானூறை ஒட்டி. அதே இருபத்தைந்தாயிரத்தை ஃபிளாட் வட்டியில் இரண்டு வருடத்துக்கு எடுத்திருந்தால் வட்டி ஆறாயிரம்.

இடையில் புது வண்டி ஆசையும் வந்து போனது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டிக் கடனுக்கு வட்டியும் குறைவு, உத்தரவாதமும் உண்டு. வருடக் கணக்கில் தினமும் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டப்போகிறவருக்கு அதுதான் சரியாக இருக்கலாம். எங்களுக்கு ஷோரூமில் சொன்ன ஆன்ரோடு விலைக்குக் கடன் எழுபதாயிரத்துக்கு மேல் வேண்டியிருந்தது. மூவாயிரத்து நூறு ரூபாய் தாங்கும் கடன் அது இல்லை. ஆனால் அந்த வரிக் குறைப்பு பேரத்துக்கு உதவியது. புதுசு விலை இறங்கியபின் பழசும் இறங்கத்தான் வேண்டும். பழைய விலையையே சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம் அதை எடுத்துச் சொன்னேன், பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள்.

இனி வண்டியைப் பற்றி. எங்கள் பக்கத்தில் செகண்ட்ஸ் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 2023 டிசம்பர் 17, 18-ல் இந்த வண்டி எங்கே நின்றது என்பது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம், இங்கே திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும், பைக்குகள் முழுசாகத் தண்ணீருக்குள் கிடந்தன. அவற்றில் பல சுத்தம் செய்து, ஸ்டிக்கர் மாற்றி, இன்றைக்கும் சந்தையில் சுற்றுகின்றன.

கன்சல்டிங்கில் காட்டிய அந்த ஐம்பத்திரண்டாயிரத்து வண்டியைப் பார்க்க எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிப் போயிருந்தேன். பெயின்ட் பளபளத்தது, ஒரு உதையில் ஸ்டார்ட் ஆனது. அண்ணாச்சி இன்ஜின் சத்தத்தைக் கேட்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஹெட்லைட் டூமின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துழாவினார். விரல் நுனியில் மாவு போல மெல்லிய வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது, ரோட்டுத் தூசி மாதிரி கரகரப்பு இல்லாமல். பிறகு ஒரு வயர் சாக்கெட்டை இழுத்துக் காட்டினார். பித்தளை முள்ளெல்லாம் பச்சை பூத்திருந்தது. "தண்ணில கெடந்த வண்டி, தம்பி. இன்ஜின் ஓடும். வயரிங் ஒவ்வொண்ணா காவு வாங்கும். விடியக்காலம் அஞ்சு மணிக்கு நடு ரோட்டுல நிப்பீங்க, பாத்துக்கிடுங்க." எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு ஒருவர் காத்திருக்கும் வேலை என்னுடையது.

அண்ணாச்சிக்கு நானூறு ரூபாய் கொடுத்தேன். வாங்க மறுத்தார், பையில் வைத்துவிட்டு வந்தேன். கடன் வாங்கி வண்டி வாங்குபவர் மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்கக் கூடாது. கையிலிருந்த பணத்தில் வாங்கிய வண்டி மோசம் போனால் வண்டி மட்டும் போகும். கடனில் வாங்கியது மோசம் போனால் ரிப்பேர் செலவும் டியூவும் ஒரே மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

கடைசியில் அமைந்தது சமாதானபுரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் 2019 மாடல் ஸ்ப்ளெண்டர். முதல் உரிமையாளர், டி.என். 72 பதிவு, மாடி வீட்டு போர்டிகோவில் நிறுத்தியது. "நாங்க வர்றதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணிராதீங்க சார்" என்று போனிலேயே கேட்டுக்கொண்டு, காலை ஆறு மணிக்குப் போனோம். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். சூடான பின் டைமிங் செயின் சத்தமும் புகையும் மறைந்துவிடும். அண்ணாச்சி சைலன்சரைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதைத்தார். முதலில் லேசான வெள்ளைப் புகை, பிறகு ஒன்றும் இல்லை. நீலப் புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறது, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை வரும் என்று அர்த்தம். முன் ஃபோர்க்கை அமுக்கி விட்டு ஆயில் சீல் கசிகிறதா என்று பார்த்தார், ஹேண்டிலை ஆட்டி அதன் பேரிங்கான கோன்செட்டைப் பார்த்தார். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், கடைசி இரண்டும் வருடம்; பின் டயரில் 19 என்று முடிந்தது, அதாவது வண்டியோடு வந்த டயர். செயின் செட்டும் பல் கூர்மையாகிவிட்டது. இரண்டும் உடனே மாற்ற வேண்டியவை. அவர் சொன்ன விலை நாற்பத்து மூவாயிரம். இந்தச் செலவுகளை எடுத்துச் சொன்னதும் முப்பத்தொன்பதாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார். எங்கள் கையில் இருபதும் இருபத்தைந்தும் சேர்த்து நாற்பத்தைந்து. மீதி ஆறாயிரத்தை டயர், செயின் செட், ஆயில், இன்சூரன்ஸ், பெயர் மாற்றத்துக்கு என்று முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்தோம். எவ்வளவு கடன் வேண்டும் என்று கணக்கிடும்போது வண்டி விலையோடு இந்த ஆறாயிரத்தையும் சேர்க்காதவர்கள், வாங்கிய மறுமாதமே இரண்டாவது கடனுக்குப் போகிறார்கள்.

தாள் விஷயத்தில் அவசரப்படவே கூடாது. அரசின் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டதும் ஒன்று தெரிந்தது: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) இன்னும் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஆசிரியர் கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டார், ஆனால் ஹெச்.பி. எனப்படும் அந்தக் கடன் பதிவை ரத்து செய்யவில்லை. இப்படி நிறைய வண்டிகள் இருக்கின்றன. தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து அதை நீக்கினால்தான் பெயர் மாறும். இரண்டாயிரம் முன்பணம் மட்டும் கொடுத்தேன், ஹெச்.பி. நீங்கியது செயலியில் தெரிந்த பிறகுதான் மீதியை வங்கி வழியாக அனுப்பினேன். நகைக் கடனையும் அன்றைக்குத்தான் எடுத்தேன், அதற்கு முன் எடுத்து வட்டியை ஓட விடவில்லை.

இன்சூரன்ஸும் முடிந்திருந்தது. 2018 செப்டம்பரிலிருந்து வாங்கிய புது டூவீலர்களுக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி காப்பீடு (விபத்தில் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கானது) சேர்ந்தே வரும்; அதனால் 2019 வண்டிகளுக்கு அது 2024-ல் முடிந்துவிட்டது. பலர் இன்னும் இருக்கிறது என்றே நினைத்து ஓட்டுகிறார்கள். நாங்கள் எடுத்தபோது 75 முதல் 150 சி.சி. வரை அதன் வருடக் கட்டணம் 714 ரூபாயும் வரியும்தான். அவர் பெயரில் எடுத்து, ஆர்.சி. மாறியதும் என் பெயருக்கு மாற்றினோம். திருட்டுக்கும் சேதத்துக்கும் சேர்த்தே எடுத்தேன். கடன் முடிவதற்குள் வண்டி காணாமல் போனால், வண்டி இல்லாமலே கடன் கட்ட வேண்டியிருக்கும்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு "அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஓட்டுவது எங்கும் நடக்கிறது. ஆசிரியரிடமும் சிலர் அப்படித்தான் கேட்டார்களாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது. அதைச் சொன்னதும் அவரே என்னோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்தார். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாளும் வைத்துக்கொண்டோம். அந்த நேரத்துக்கு முந்தைய சலான் எது வந்தாலும் அவர் பொறுப்பு, பிந்தையது என் பொறுப்பு.

வண்டி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் ஐயாயிரம் என்று எழுதியதில் சில மாதம் நாலாயிரத்து சொச்சம்தான் வந்தது, காய்ச்சல் காலத்தில் ஏழாயிரத்தைத் தொட்டது. எந்த மாதமும் வங்கிக்குப் போகும் இரண்டாயிரத்தைச் சம்பளத்திலிருந்து எடுக்க வேண்டி வரவில்லை. ஏழாயிரம் வந்த மாதம் நாலாயிரமாகக் கட்டினோம்; அந்தக் கடனில்தான் அது முடியும். நகை திருப்பும்போது ஒன்று நினைவில் வையுங்கள்: முழுப் பணமும் கட்டிய ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் தராவிட்டால், தாமதத்துக்கு வங்கிதான் காரணம் என்றால் நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் தர வேண்டும் என்பதும் 2026 ஏப்ரல் விதிகளில் இருக்கிறது. கட்டிய ரசீதுகளை எல்லாம் ஒரே உறையில் வையுங்கள்.

இதே கணக்கை எங்கள் லேபில் ரிசப்ஷனில் இருக்கும் தம்பிக்கும் போட்டுப் பார்த்தோம். அவன் வீடு மேலப்பாளையத்தில், வாசலிலேயே பஸ், ஒன்பதிலிருந்து ஆறு வரை ஒரே இடத்தில் வேலை. வண்டி வந்தால் அவனுக்கு மிச்சம் எழுநூறு ரூபாய், செலவு ஆயிரத்து ஐந்நூறு. வரவு என்று எழுத ஒரு வரிகூட இல்லை. "ஆனா எனக்கு வண்டி வேணும் அண்ணே, ஃபிரண்ட்ஸ் எல்லாரும் வச்சிருக்காங்க" என்றான். வேண்டும் என்பதில் தப்பே இல்லை, இருபத்து மூன்று வயசில் வேண்டாமா? ஆனால் அதற்குக் கடன் வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்தோம். அஞ்சலகத்தில் மாதம் இரண்டாயிரத்துக்கு ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்கியிருக்கிறான். வண்டி பார்க்கப் போகும்போது மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.